மலிவான சவுண்ட் கார்டில் டிஜிட்டல் இன்புட் எடுப்பது எப்படி?

சிடி பிளேயரையோ டிவியையோ பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். விரல்நுனி அளவில் ஒரு சதுரத் துளை இருக்கும். அதன் மூடியைத் தள்ளினால் உள்ளே சிவப்பாக வெளிச்சம் தெரியும். சில கருவிகளில் துளைக்குப் பதிலாக ஆரஞ்சு நிறத்தில் ஒரு வட்டச் சாக்கெட் இருக்கும். இரண்டிலும் வருவது ஒன்றுதான். ஒலி, எண்களாக.

அந்த எண்களை அப்படியே கம்ப்யூட்டருக்குள் கொண்டுவர நினைத்தால் முதல் தடங்கல் கம்ப்யூட்டரின் முதுகில்தான். டிஜிட்டல் அவுட்புட் இருக்கலாம். இன்புட் பெரும்பாலும் இருக்காது. சரி என்று ஒரு ஆடியோ ஒயரை எடுத்து நீல நிற லைன்-இன் துளையில் சொருகி ரெக்கார்டு செய்துவிடுகிறோம். வேலை நடந்துவிடும். ஆனால் நடந்தது என்ன? பிளேயர் தன்னிடம் இருந்த எண்களை மின் அலையாக மாற்றியது. அந்த அலை ஒயர் வழியாக வந்தது. கம்ப்யூட்டர் அதை மறுபடி அளந்து எண்களாக்கியது. டைப் செய்த கடிதத்தை ஒருவர் வாசிக்க, அதைக் காதால் கேட்டு இன்னொருவர் மறுபடி டைப் செய்வது போன்ற வேலை இது. எவ்வளவு கவனமாகச் செய்தாலும் முதல் பிரதியும் இரண்டாம் பிரதியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்காது. கூடவே, இரண்டு கருவிகளின் கிரவுண்டும் (வோல்டேஜ் கணக்குக்கு பூஜ்யமாக வைத்த இணைப்பு) ஒயர் வழியாகச் சேர்வதால் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் வேறு.

டிஜிட்டல் இன்புட் இருந்தால் கடிதத்தையே கையில் வாங்கிக்கொள்ளலாம். அதற்கு விலை உயர்ந்த ஸ்டுடியோ கருவி வேண்டும் என்றுதான் நானும் பல காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில், மிக மலிவான பல சவுண்ட் கார்டுகளின் சிப்புக்குள்ளேயே டிஜிட்டல் ஒலியை வாங்கும் பகுதி முழுதாக இருக்கிறது. தயாரிப்பாளர் வெளியே சாக்கெட் வைக்கவில்லை, அவ்வளவுதான். நாம் செய்ய வேண்டியது, வெளியிலிருந்து வரும் சிக்னலை அந்த சிப் எதிர்பார்க்கும் வோல்டேஜில் அதன் காலுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் ஒயர் வேலை.

முதலில் அந்த ஒயரில் என்ன ஓடுகிறது என்று பார்ப்போம். அதன் பெயர் எஸ்பிடிஃப். சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து உருவாக்கியதால் இரண்டு நிறுவனங்களின் முதல் எழுத்துகளும் பெயரில் இருக்கின்றன. சர்வதேசத் தர எண் ஐஇசி 60958. ஸ்டுடியோக்களில் புழங்கும் ஏஇஎஸ்3 இதற்கு நெருங்கிய உறவு. அது 1985-இல் வந்தது.

சிடியில் ஒரு நொடி ஒலி என்பது இடது பக்கத்துக்கு 44,100 எண்கள், வலது பக்கத்துக்கு 44,100 எண்கள். எஸ்பிடிஃப் ஒவ்வொரு எண்ணையும் 32 பிட் உள்ள ஒரு பொட்டலமாகக் கட்டுகிறது. முதல் 4 பிட் அளவு இடம், ‘இதோ புதுப் பொட்டலம் ஆரம்பம்’ என்று சொல்லும் அடையாளம். அடுத்த 24 பிட் ஒலிக்கு. சிடி ஒலி 16 பிட்தான் என்பதால் மீதி 8 இடங்கள் பூஜ்யமாகப் போகும். கடைசி 4 பிட் சில்லறைத் தகவல்களுக்கும் பிழை பார்க்கவும். மொத்தம் 44,100 × 2 × 32, அதாவது நொடிக்கு 28,22,400 பிட்.

இந்த பிட்களை அனுப்பும் முறைதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. ஒவ்வொரு பிட் தொடங்கும்போதும் சிக்னல் கட்டாயம் ஒருமுறை புரள வேண்டும். மேலே இருந்தால் கீழே வரும், கீழே இருந்தால் மேலே போகும். அந்த பிட் 0 என்றால் அதோடு சரி. 1 என்றால் பிட்டின் நடுவிலும் இன்னொரு முறை புரளும். மேலே இருப்பது 1, கீழே இருப்பது 0 என்ற கணக்கே கிடையாது. நடுவில் புரண்டதா இல்லையா, அதுதான் செய்தி. பொட்டலத்தின் ஆரம்ப அடையாளம் மட்டும் வேண்டுமென்றே இந்த விதியை மீறி, ஒன்றரை பிட் நேரம் புரளாமல் நிற்கும். வேறு எங்கும் அப்படி வர முடியாது என்பதால் வாங்குபவருக்குக் குழப்பமே இல்லை.

நம் கை வேலைக்கு இதிலிருந்து மூன்று வசதிகள் கிடைக்கின்றன. ஒன்று, சிக்னல் விடாமல் புரண்டுகொண்டே இருப்பதால் நேரக் கணக்கு, அதாவது கிளாக், அதற்குள்ளேயே வருகிறது. தனி ஒயர் தேவையில்லை. இரண்டு, சிக்னல் தலைகீழானாலும் செய்தி மாறாது. மூன்று, சிக்னல் மேலே இருக்கும் நேரமும் கீழே இருக்கும் நேரமும் சராசரியில் சமம். ஆகவே நடுவில், மாறாத வோல்டேஜைத் தடுத்து மாறுவதை மட்டும் விடும் ஒரு கெப்பாசிட்டரைப் போட்டாலும் சிக்னல் தடையின்றிக் கடந்துவிடும். கீழே வரும் சர்க்யூட் இந்த மூன்றையும் நம்பித்தான் நிற்கிறது.

இப்போது வோல்டேஜ். ஆரஞ்சு சாக்கெட்டில் வரும் கோஆக்சியல் சிக்னலின் உயரம் சுமார் 0.5 வோல்ட். சிப்பின் கால் எதிர்பார்ப்பதோ லாஜிக் சிக்னல்: 0-க்கும் 5 வோல்ட்டுக்கும் இடையில், அல்லது 0-க்கும் 3.3 வோல்ட்டுக்கும் இடையில் துள்ளுவது. அரை வோல்ட் சிக்னலை நேராக அந்தக் காலில் கொடுத்தால் சிப்புக்கு அது எப்போதும் 0 போலவே தெரியும். ‘ஒயரைச் சேர்த்தேன், ஒன்றும் வரவில்லை’ என்று கைவிடுகிறவர்களில் பெரும்பாலோர் தடுக்கி விழுவது இங்கேதான்.

மலிவான கார்டில் எதற்கு டிஜிட்டல் இன்புட் என்று கேட்கலாம். காரணம் சிடி-ராம் டிரைவ்கள். ஒரு காலத்தில் அந்த டிரைவ்களின் பின்புறம் ‘டிஜிட்டல் ஆடியோ’ என்று எழுதி இரண்டு பின்கள் இருக்கும். பாட்டு சிடி போட்டால் எஸ்பிடிஃப் சிக்னல் லாஜிக் வோல்டேஜிலேயே அதில் வரும். அதை வாங்கிக்கொள்ள சவுண்ட் கார்டிலும் இரண்டு பின்கள் வைத்தார்கள். 1998-இல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் லைவ் கார்டில் ‘சிடி எஸ்பிடிஃப்’ என்றே எழுதியிருக்கும். சிடி-ராமுக்கென்று வைத்த அந்த வாசலில் வேறு எந்த எஸ்பிடிஃப் சிக்னலையும் விடலாம், வோல்டேஜ் சரியாக இருந்தால்.

எந்தக் கார்டை எடுப்பது? பிசிஐ ஸ்லாட் (கூடுதல் கார்டு சொருகும் பழைய வகை இடம்) உள்ள பழைய கம்ப்யூட்டர் இருந்தால், சிமீடியா நிறுவனத்தின் சிஎம்ஐ8738 சிப் உள்ள கார்டைச் சொல்வேன். எத்தனையோ பெயர்களில், மிக மலிவான கார்டுகளில் வந்த சிப் அது. சவுண்ட் பிளாஸ்டர் லைவ் அதைவிடப் பெயர் பெற்றதுதான். ஆனால் அதற்குள் இருக்கும் சிப் எல்லாவற்றையும் 48 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றித்தான் வேலை செய்யும். சிடியிலிருந்து 44.1-இல் வரும் எண்களை அப்படியே வாங்குவதுதான் நம் நோக்கம் என்பதால், இந்த வேலைக்கு மலிவான கார்டே மேல்.

பிசிஐ ஸ்லாட் இல்லையென்றால் மதர்போர்டின் சொந்த ஆடியோ சிப்பைப் பாருங்கள். ரியல்டெக் ஏஎல்சி888 போன்ற 48 கால் சிப்களில் 48-வது கால் டிஜிட்டல் அவுட்புட், 47-வது கால் இன்புட். சில மதர்போர்டுகளில் இந்த இன்புட்டை பின்னாக வெளியே எடுத்து வைத்திருப்பார்கள். மதர்போர்டு கையேட்டில் பார்த்தால் தெரிந்துவிடும். வெளியே எடுக்கவில்லை என்றால் அரை மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கும் கால்களில் ஒன்றில் மட்டும் சால்டர் வைக்க வேண்டியிருக்கும். முதல் முயற்சியாக அதைச் செய்ய வேண்டாம். யுஎஸ்பி வழி என்றால் சிஎம்6206 சிப் வைத்த வெளிப்பெட்டிகள் உண்டு. அவற்றில் பலவற்றில் ஆப்டிகல் இன்புட் துளையே இருக்கும். அது கிடைத்துவிட்டால் சால்டர் வேலையே இல்லை. நேராக செட்டிங் பகுதிக்குப் போய்விடலாம்.

சிஎம்ஐ8738 கார்டு கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எஸ்பிடிஃப் என்று எழுதிய ஒரு வரிசைப் பின்களைத் தேடுங்கள். சில கார்டுகளில் பின்கள் கூட இருக்காது, ஈயம் பூசிய துளைகள் மட்டும் இருக்கும். எந்தப் பின் எது என்று அச்சிட்டிருந்தாலும் அதை நம்பிவிடாமல் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, ஒரு முனையைக் கார்டின் உலோகப் பட்டையிலும் மறுமுனையை ஒவ்வொரு பின்னிலும் வைத்தால், பீப் அடிப்பது கிரவுண்ட். பிறகு கம்ப்யூட்டரை ஓடவிட்டு அளந்தால் 5 வோல்ட் காட்டுவது சப்ளை. மீதியில் அவுட்புட் எது, இன்புட் எது? டிஜிட்டல் அவுட்புட்டை செட்டிங்கில் ஆன் செய்து, 5 வோல்ட் அளவில் வைத்து, ஒரு பாட்டை ஓடவிடுங்கள். அவுட்புட் பின்னில் சுமார் 2.5 வோல்ட் காட்டும். சிக்னல் பாதி நேரம் மேலே, பாதி நேரம் கீழே என்று முன்பு சொன்னேனே, அதன் சராசரியைத்தான் மீட்டர் காட்டுகிறது.

சால்டரிங் அயர்னைச் சூடாக்குவதற்கு முன் இன்னொன்று செய்துவிடுங்கள். அவுட்புட் பின்னையும் இன்புட் பின்னையும் ஒரு சின்ன ஜம்பர் ஒயரால் நேராக இணைத்து, பாட்டை ஓடவிட்டு, ரெக்கார்டு செய்து பாருங்கள். இரண்டும் ஒரே வோல்டேஜ் என்பதால் நடுவில் எதுவும் தேவையில்லை. ரெக்கார்டு ஆகிவிட்டால் சிப், டிரைவர், செட்டிங் மூன்றும் சரி. பிறகு எது தவறினாலும் நீங்கள் கட்டிய சர்க்யூட்டில்தான் தேட வேண்டும். இந்த ஐந்து நிமிடச் சோதனை பல இரவுகளை மிச்சப்படுத்தும்.

புதிதாகச் செய்பவர்களுக்கு நான் சொல்வது ஆப்டிகல் வழி. ஆரம்பத்தில் பார்த்த சதுரத் துளையின் பெயர் டாஸ்லிங்க். 1983-இல் டோஷிபா கொண்டுவந்தது. பெயரே டோஷிபா லிங்க் என்பதன் சுருக்கம். அதன் ரிசீவர் மாட்யூலில் முக்கியமான கால்கள் மூன்று: சப்ளை, கிரவுண்ட், சிக்னல். வெளிச்சத்தை லாஜிக் சிக்னலாக மாற்றும் வேலையை அதுவே செய்துவிடுகிறது. 5 வோல்ட் மாட்யூலை வாங்கி, கார்டின் 5 வோல்ட்டையும் கிரவுண்டையும் கொடுத்து, சிக்னல் காலை இன்புட் பின்னில் சேர்த்தால் முடிந்தது. மாட்யூலின் சப்ளை, கிரவுண்ட் கால்களுக்கு இடையே, எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாக, ஒரு 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வையுங்கள். சில பழைய மாட்யூல்களுக்கு இன்னும் ஓரிரு உதிரிகள் வேண்டும். டேட்டாஷீட்டில் படமாகவே போட்டிருப்பார்கள். வெளிச்சம் மட்டுமே வருவதால் இரண்டு கருவிகளின் கிரவுண்டும் சேராது. கருவியிலிருந்து ஒரு துளி மின்சாரம் கூட உங்கள் கார்டுக்கு வராது.

மதர்போர்டின் சிப் என்றால் மட்டும் கவனம். அதன் டிஜிட்டல் கால்கள் 3.3 வோல்ட். அங்கே 5 வோல்ட் சிக்னலைக் கொடுக்கக் கூடாது. 3.3 வோல்ட்டில் ஓடும் மாட்யூலைத் தேடி வாங்குங்கள்.

உங்கள் கருவியில் ஆரஞ்சு சாக்கெட் மட்டும்தான் என்றால் அரை வோல்ட்டைப் பெரிதாக்க ஒரு சின்ன சர்க்யூட் கட்ட வேண்டும். அதற்கு 74எச்சியு04 என்ற 14 கால் ஐசி போதும். உள்ளே ஆறு இன்வெர்ட்டர்கள் இருக்கும்; அதாவது உள்ளே போவதைத் தலைகீழாக்கி வெளியே தருபவை. நமக்கு இரண்டு போதும். 14-வது காலுக்கு 5 வோல்ட், 7-வது காலுக்கு கிரவுண்ட், இரண்டுக்கும் இடையே 0.1 மைக்ரோஃபாரட். சாக்கெட்டின் நடு முனைக்கும் கிரவுண்டுக்கும் இடையே 75 ஓம் ரெசிஸ்டர். நடு முனையிலிருந்து ஒரு 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வழியாக 1-வது காலுக்குச் சிக்னல். 1-வது காலுக்கும் 2-வது காலுக்கும் இடையே 10 கிலோ ஓம் ரெசிஸ்டர். 2-ஐயும் 3-ஐயும் நேராக இணையுங்கள். 4-வது காலில் வருவதுதான் கார்டின் இன்புட்டுக்குப் போக வேண்டிய சிக்னல். சும்மா இருக்கும் 5, 9, 11, 13-வது கால்களை கிரவுண்டில் கட்டிவிடுங்கள். இவை மீதி இன்வெர்ட்டர்களின் நுழைவாயில்கள், தொங்கவிட்டால் வீணாகத் துடித்துக்கொண்டிருக்கும்.

அந்த 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்தான் இதில் சூட்சுமம். இன்வெர்ட்டர் தன் வெளிவாயைத் தன் நுழைவாயிலுக்கே திருப்பிக் கொடுத்தால் மேலேயும் போக முடியாது, கீழேயும் போக முடியாது. நடுவில், சுமார் 2.5 வோல்ட்டில் வந்து தராசு முள் போல நின்றுவிடும். அப்படி நிற்கும்போது ஒரு சின்ன அசைவு பட்டாலும் பெரிதாகச் சாயும். கெப்பாசிட்டர் வழியாக வரும் அரை வோல்ட் அசைவு அங்கே பல மடங்கு பெரிதாகிறது. இரண்டாவது இன்வெர்ட்டர் அதை முழு 0–5 வோல்ட் சதுர அலையாக்கிவிடும். இடையில் சிக்னல் எத்தனை முறை தலைகீழானாலும் கவலை இல்லை என்று முன்பே பார்த்தோம்.

ஐசி வாங்கும்போது பெயரில் உள்ள அந்த ‘யு’ எழுத்தைப் பார்த்து வாங்குங்கள். நான் முதன்முதலில் கட்டியபோது சாதாரண 74எச்சி04-ஐப் போட்டுவிட்டேன். கார்டு சில நொடி சிக்னலைப் பிடிக்கும், விடும், மறுபடி பிடிக்கும். பாட்டு நடுவே ‘டிக் டிக்’ என்று வெட்டிக்கொண்டே இருந்தது. ஒயரை மாற்றினேன், சாக்கெட்டை மாற்றினேன், சால்டர் வைத்த இடங்களை எல்லாம் மறுபடி உருக்கிப் பார்த்தேன். மீட்டரில் 2-வது கால் ஒழுங்காக 2.5 வோல்ட்தான் காட்டியது. கடைசியில் பூதக்கண்ணாடி வைத்து ஐசியின் முதுகைப் படித்தபோதுதான் ‘யு’ இல்லாதது தெரிந்தது. சாதாரண எச்சி04-இல் ஒவ்வொரு இன்வெர்ட்டருக்குள்ளும் மூன்று படிகள் இருக்கும். பெருக்கம் மிக அதிகம் என்பதால் நடுவில் நிற்காமல் தானாகவே அதிரத் தொடங்கிவிடும். அந்த அதிர்வின் சராசரியும் 2.5 வோல்ட்தான் என்பதால் மீட்டரால் வித்தியாசம் காட்ட முடியவில்லை. ஐசியை மாற்றியதும் முதல் முயற்சியிலேயே சிக்னல் நின்றது.

செட்டிங்கில் இரண்டு விஷயம்தான் முக்கியம். ஒன்று, ரெக்கார்டிங் மூலமாக எஸ்பிடிஃப் இன்புட்டைத் தேர்ந்தெடுப்பது. லினக்ஸில் அல்சாமிக்சர் என்ற ஒலி செட்டிங் மென்பொருளைத் திறந்தால் இது எஸ்பிடிஃப் என்ற பெயரில் இல்லாமல் ‘ஐஇசி958’ என்ற பெயரில் இருக்கும். பலர் இதைப் பார்த்தும் கடந்துவிடுகிறார்கள். இன்னொன்று, கருவி அனுப்பும் வேகத்திலேயே ரெக்கார்டு செய்வது. சிடி என்றால் 44,100. டிவி, வீடியோ கருவிகள் என்றால் பெரும்பாலும் 48,000. வேகம் தவறினால் ஒலி சற்று வேகமாகவோ மெதுவாகவோ கேட்கும், அல்லது மென்பொருள் நமக்குத் தெரியாமல் எண்களை மாற்றிக்கொடுத்துவிடும்.

வேகம் ஒன்றாக இருந்தாலும், கடிகாரம் யாருடையது என்ற கேள்வி ஒன்று உண்டு. உங்கள் கார்டின் 44,100-ம் பிளேயரின் 44,100-ம் துல்லியமாக ஒன்றல்ல. பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் என்று வைத்தால் கூட நொடிக்கு இரண்டு எண்கள் கூடவோ குறையவோ செய்யும். ஆகவே வாங்குபவர் தன் கடிகாரத்தை ஒதுக்கிவைத்து, வரும் சிக்னலின் புரளல்களைப் பார்த்தே நடக்க வேண்டும். சிப் இதைத் தானாகவே செய்கிறது. வேறு சில கார்டுகளின் செட்டிங்கில் ‘கிளாக் சோர்ஸ்’ என்று இருந்தால் அதை எக்ஸ்டர்னல் என்று மாற்ற மறக்காதீர்கள்.

டிவியிலிருந்து எடுக்கும்போது ‘உஷ்ஷ்ஷ்’ என்று காது கூசும் இரைச்சல் மட்டும் வந்தால் பயப்பட வேண்டாம். டிவி டால்பி போன்ற சுருக்கப்பட்ட ஒலியை அதே ஒயரில் அனுப்புகிறது. கம்ப்யூட்டர் அதைச் சாதாரண ஒலி என்று நினைத்து வாசிக்கிறது. டிவியின் ஆடியோ செட்டிங்கில் டிஜிட்டல் அவுட்புட்டை ‘பிசிஎம்’, அதாவது சுருக்காத ஒலி, என்று மாற்றினால் ஒலி வந்துவிடும்.

ஒலி வருகிறது. ஆனால் எண்கள் அப்படியே வந்தனவா? காதை நம்ப வேண்டாம், இதற்கு ஒரு நல்ல சோதனை இருக்கிறது. ஒரு சிடியைக் கம்ப்யூட்டரில் போட்டு ஒரு பாட்டை நேராக வேவ் ஃபைலாக எடுத்துக்கொள்ளுங்கள். அதே சிடியை பிளேயரில் போட்டு, புதிய இன்புட் வழியாக அதே பாட்டை ரெக்கார்டு செய்யுங்கள். இரண்டையும் ஆடாசிட்டி போன்ற மென்பொருளில் ஒன்றின்கீழ் ஒன்றாகத் திறந்து, நன்றாகப் பெரிதாக்கி, தனித்தனிப் புள்ளிகள் தெரியும் வரை போய், இரண்டின் தொடக்கத்தையும் ஒரு புள்ளி கூடப் பிசகாமல் பொருத்துங்கள். பிறகு ஒன்றைத் தலைகீழாக்கி, டித்தர் என்ற, மெல்லிய இரைச்சலைத் தானாகச் சேர்க்கும் வசதியை அணைத்துவிட்டு, இரண்டையும் கலக்குங்கள். எண்கள் ஒன்றே என்றால் ஒன்றை ஒன்று முழுதாக அழித்துவிடும். திரையில் பாட்டு முழுவதற்கும் ஒரே நேர்கோடு. ஒலியளவை எவ்வளவு ஏற்றினாலும் ஒன்றும் கேட்காது. முதன்முறை அந்தக் கோட்டைப் பார்த்தபோது நான் பாட்டின் கடைசி வரை நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன்.

கோடு வராமல் பாட்டு முழுக்க மெல்லிய இரைச்சல் மிஞ்சினால், வழியில் யாரோ எண்களை மாற்றுகிறார்கள். ரெக்கார்டிங் ஒலியளவு முழுதாக இல்லாமல் இருக்கலாம், அல்லது வேகம் மாற்றப்பட்டிருக்கலாம். நேர்கோடாக வந்து ஓரிடத்திலிருந்து முழுப் பாட்டும் கேட்கத் தொடங்கினால், அந்த இடத்தில் ஓர் எண் விழுந்துவிட்டது. கிளாக் செட்டிங்கைப் பாருங்கள். நேர்கோட்டில் அங்கங்கே ஊசி போல முட்கள் நின்றால் சிக்னல் பலவீனம். கோஆக்சியல் என்றால் முதலில் அந்த 75 ஓம் ரெசிஸ்டர் இருக்கிறதா, சாக்கெட்டுக்கு அருகிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் சிக்னல் ஒயரின் முனையில் மோதித் திரும்பி, அடுத்து வரும் சிக்னலோடு கலந்துவிடும். அதைச் சரிசெய்துவிட்டு அதே பாட்டை இன்னொரு முறை ரெக்கார்டு செய்து பாருங்கள்.